பெருக்கல் குறி போட்ட நாட்கள்

நடுவர் தன் முடிவைச் சொன்ன நேரத்தில் தனுஷ்யாவின் வாயில் தயிர்சாதம் இருந்தது. அதனால்தான் உடனே திட்ட முடியவில்லை.

மென்று விழுங்கிவிட்டுத் திரையை இன்னொரு முறை படித்தாள். "பெண் பங்கேற்பாளர்கள் முப்பத்தொரு பேரில் இருபத்தாறு பேருக்கு விழிப்பு எண் நிலைக்கவில்லை. காரணம்: பெண் ஹார்மோன்களின் ஏற்ற இறக்கம். பரிந்துரை: பெண்களுக்கு இந்தச் சிகிச்சையை நிறுத்தலாம்."

நிறுத்தலாம். பேப்பர் போடுகிறவனிடம் நாளையிலிருந்து வேண்டாம் என்று சொல்வதுபோல.

நடுவர் ஆள் இல்லை. கரிசல்குளம் புற்றுநோய் ஆய்வு மருத்துவமனையில் ஓடிக்கொண்டிருந்த கணினி மூளை. அங்கே நடந்த சிகிச்சையைச் சொல்வது சுலபம். நோயாளியின் ரத்தத்திலிருந்து காவல் அணுக்களை எடுப்பார்கள், புற்றுக்கட்டியை அடையாளம் காணச் சொல்லிக்கொடுப்பார்கள், திரும்ப உடம்புக்குள் அனுப்புவார்கள். அதன்பிறகு மேல்கையில் ஒரு ரூபாய் அளவுக்கு ஒரு வில்லை ஒட்டியிருக்கும். உள்ளே போன நூறு அணுக்களில் எத்தனை விழித்திருக்கின்றன என்று அது எண் காட்டும். நாற்பதுக்கு மேல் இருந்தால் கட்டி கரையும். இருபதுக்குக் கீழே போனால் காவல் அணுக்கள் கட்டிக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டுத் தூங்குகின்றன என்று அர்த்தம். ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் நடுவருக்கு மூவாயிரம் விவரங்கள் தெரியும். எடை, தூக்கம், சர்க்கரை, நடை, மூச்சு. மூவாயிரமும் தெரிந்த ஒன்றை எதிர்த்துப் பேச யாருக்கும் வாய் வருவதில்லை.

தனுஷ்யாவுக்கு வரும். எண்களைச் சரிபார்க்கிற வேலை அவளுடையது. குடும்பத்தில் முதல் பட்டதாரி. பள்ளிக்கூடத்தில் இருந்து இந்த வேலைக்கு மனுப் போட்டது வரை, 'தந்தையின் கல்வித் தகுதி' என்ற கட்டத்தில் கோடு போட்டுப் போட்டே வளர்ந்தவள். கட்டம் யாருக்காகப் போடப்பட்டது, யார் அதில் அடங்கமாட்டார்கள் என்பது அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சாப்பாட்டுப் பாத்திரத்தை மூடிவிட்டு டாக்டர் சுகந்தியின் அறைக்குப் போனாள். போகிற வழியில் சுவரில் மருத்துவமனைத் திறப்புவிழாப் படம் தொங்கியது. ஊழியர்களில் பன்னிரண்டு பெண்கள் பட்டுச்சேலையில் விளக்கேந்தி நிற்கிறார்கள், நடுவில் சுகந்தி, கடைசியில் இரவல் சேலையில் தனுஷ்யா. ஆண்கள் யாரையும் விளக்கேந்தக் கூப்பிடவில்லை.

சுகந்தி ரத்த ஆய்வகத்தின் தலைவர். நாற்பத்தாறு வயது. குரலை உயர்த்தாமல் ஆளைக் கூசவைக்கத் தெரிந்தவர்.

"பார்த்தேன்," என்றார். "திங்கக்கிழமை பதினொரு மணிக்குக் குழு கூடுது. கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது."

"முடிஞ்சுதுன்னா அந்த முப்பத்தொரு பேரும் முடிஞ்சுருவாங்க மேடம். வேற எல்லா மருந்தும் பார்த்துட்டு, ஒன்னும் கேக்காமத்தான் இங்க வந்திருக்காங்க."

"எனக்குத் தெரியாதா?"

"ஆம்பளைங்களுக்கும் ஹார்மோன் இருக்கே. அவங்க எண் மட்டும் எப்படி நிக்குது?"

"அவங்களுக்குத்தான் தடுப்பு மாத்திரை கொடுக்கிறோமே. ஆண் ஹார்மோன் காவல் அணுவைத் தூங்கவைக்கும். ஆய்வு தொடங்கறதுக்கு முன்னாடியே தெரிஞ்ச விஷயம். அதனால அதை மறிச்சிட்டுத்தான் அணுவையே உள்ள விடுறோம்."

"அப்ப ஆம்பளை ஹார்மோன் தொந்தரவு பண்ணா அதுக்கு மருந்து குடுப்பீங்க. பொம்பளை ஹார்மோன் தொந்தரவு பண்ணா ஆளையே வீட்டுக்கு அனுப்புவீங்க."

சுகந்தி கண்ணாடியைக் கழற்றினார். "தனுஷ்யா, உன் வேலை எண் சரியா இருக்கான்னு பார்க்கிறது. சரியா இருக்கா?"

சரியாகத்தான் இருந்தது. அதுதான் எரிச்சல்.

அன்று வியாழக்கிழமை, நோயாளிகள் எண் காட்ட வருகிற நாள். மதியம் முதல் ஆளாக வந்தது பாண்டீஸ்வரி. நாற்பத்து மூன்று வயது, காலண்டர் பட்டறையில் வேலை, சிறுநீர்ப்பையில் கட்டி. மடியில் ஒரு சுருட்டு வைத்திருந்தாள். புது வருஷத்து மாதக் காலண்டர். உலகத்தில் எல்லாம் திரைக்குள் போனபிறகும் இந்த ஊர்ப் பட்டறைகள் காகிதக் காலண்டர் அடிப்பதை நிறுத்தவில்லை. வாங்குகிறவர்கள் இருந்தார்கள்.

"ஒனக்குத்தான் பாப்பா. கொஞ்சம் அச்சு பிசகிருச்சு, கடைக்குப் போகாது. நாள் எல்லாம் சரியாத்தான் இருக்கு. எவ்வளவு காட்டுது?"

"பதினாலு."

"போன மாசம் அறுபத்தெட்டுன்னியே. மிச்சமெல்லாம் எங்க போச்சு, சினிமாவுக்கா?"

தனுஷ்யாவால் சிரிக்க முடியவில்லை. பாண்டீஸ்வரி அவள் முகத்தைப் பார்த்தாள்.

"மூஞ்சியத் தொங்கப்போடாத. வர்ற செவ்வாக்கிழமை அக்கினிச்சட்டி எடுக்கேன். இந்தக் கட்டி கரையணும்னு நேந்திருக்கேன். ஆத்தா பாத்துக்கிடுவா."

அவள் போனபிறகு தனுஷ்யா புதுசை மாட்டுவதற்காகச் சுவரிலிருந்த போன வருஷத்துக் காலண்டரைக் கழற்றி, மேசைமேல் விரித்துவைத்து வெறித்துக்கொண்டிருந்தாள். கோபத்தில் கை சும்மா இருக்காது. பேனாவை எடுத்து, பாண்டீஸ்வரியின் எண் போன வருஷம் எந்தெந்தத் தேதியில் விழுந்தது என்று அந்தந்த மாதத்தில் புள்ளி வைத்தாள். அப்புறம் இன்னொருத்தி. அப்புறம் இன்னொருத்தி.

நடுவர் இப்படிப் பார்த்ததே இல்லை. ஒவ்வொருவருக்கும் அணு ஏற்றிய நாளை முதல் நாள் என்று வைத்து, முப்பதாம் நாள், நூறாம் நாள் என்றுதான் அதற்கு எண்ணத் தெரியும். அந்தக் கணக்கில் பெண்களின் எண்கள் கன்னாபின்னாவென்று விழுந்தன. காலண்டரில் வைத்துப் பார்த்தால் கன்னாபின்னா இல்லை. பங்குனியில் ஒரே வாரத்தில் பதினேழு புள்ளி. ஆடியில் ஒன்பது. வேறு ஊர்க்காரர்கள் ஆறு பேருக்குச் சித்திரையில். இடையிடையே ஒற்றை ஒற்றையாகச் சில புள்ளிகள், பெரும்பாலும் முகூர்த்த நாட்களில்.

அத்தனையும் சிவப்பில் அச்சடித்த தேதிகள்.

எழுந்து ஓடினாள். பெண்கள் ஐந்தாறு பேர் பஸ்ஸுக்காகக் காத்திருப்புக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பாண்டீஸ்வரியும் இருந்தாள், எலுமிச்சைச் சாதப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டு.

"திருவிழா வாரத்துல என்ன பண்ணுவீங்க?" மூச்சிரைக்கக் கேட்டாள் தனுஷ்யா.

"என்ன பண்ணுவோம், ராட்டினம் சுத்துவோம்," என்றாள் ஒருத்தி.

"இல்லக்கா, நெசமாத்தான் கேக்கேன். சாப்பாட்டுல என்ன மாத்துவீங்க?"

"விரதம். ஒரு பொழுதுதான் சோறு. கவுச்சி கெடயாது."

தனுஷ்யா ஜெபராணி பக்கம் திரும்பினாள். ஜெபராணியின் எண் இரண்டு வருஷமாக ஒரு முறைகூட விழுந்ததில்லை. "நீங்க விரதம் இருக்கீங்களா மதினி?"

"தவக்காலம் நாப்பது நாளும் இருக்கேன். ஒங்க ஆளுகளுக்கு நான் ஒன்னும் சளைச்சவ இல்ல."

அப்படியென்றால் விரதம் காரணம் இல்லை. வெயிலா, அலைச்சலா, மஞ்சள் தண்ணியா? ஒவ்வொன்றாகக் கேட்டாள். எதுவும் ஒத்துவரவில்லை. எண் விழாதவர்கள் ஜெபராணியோடு சேர்த்து ஐந்து பேர். மற்ற நால்வரில் இருவருக்குக் கர்ப்பப்பை எடுத்தாயிற்று, இருவருக்கு ஐம்பத்தைந்து தாண்டியாயிற்று. அதை வாய்விட்டுச் சொன்னபோது பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பாண்டீஸ்வரிதான் சோற்றுக் கையைத் தாளில் துடைத்தாள்.

"மாத்திரையச் சொல்லுங்கடி. பொம்பளப் பிள்ளைதான கேக்கு."

"எந்த மாத்திரை?"

"அதான், நாளத் தள்ளிப்போடுற மாத்திரை. கோயிலுக்குப் போகணும்னா, நாள் வர்றதுக்கு அஞ்சு நாள் முன்னாடியே போட ஆரம்பிக்கணும்லா. திருவிழா முடியங்காட்டியும் வராது."

தனுஷ்யாவுக்குத் தெரியாத மாத்திரையா. அவளும் போட்டிருக்கிறாள். அக்கா கல்யாணத்துக்கு, குலதெய்வத்துக்கு, எது எதற்கோ. எந்த மருந்துக் கடையிலும் பேரைக்கூடச் சொல்ல வேண்டாம், "தள்ளிப்போட" என்றால் பழைய பேப்பரில் சுற்றிக் கொடுத்துவிடுவார்கள்.

"வேற ஏதும் மருந்து சாப்பிடுறீங்களான்னு படிவத்துல கேட்டிருக்கே. எல்லாரும் 'இல்லை'ன்னு போட்டிருக்கீங்க."

"அது மருந்தா பாப்பா?" என்றாள் பாண்டீஸ்வரி, உண்மையான ஆச்சரியத்தோடு. "சீக்குக்குச் சாப்பிட்டாத்தான மருந்து. இது கோயிலுக்குச் சாப்பிடுறது."

"அதப் போயி பெரிய டாக்டர் வில்வநாதன்கிட்ட நின்னு சொல்லச் சொல்லுதியாக்கும்," என்றாள் ராட்டினக்காரி. "எங்க வீட்டு ஆம்பளைக்கே தெரியாது."

தனுஷ்யா கைபேசியில் அந்த மாத்திரையின் உட்கூறைத் தேடிப் படித்தாள். இரண்டாவது பத்தியிலேயே இருந்தது. உடம்புக்குள் போனதும் அது கொஞ்சம் ஆண் ஹார்மோன் மாதிரியும் வேலை செய்யும்.

"என்ன போட்டிருக்கு?" என்றாள் பாண்டீஸ்வரி.

"ஆம்பளை ஹார்மோன் காவல் அணுவத் தூங்கவைக்கும்னு ஆம்பளைங்களுக்கு மட்டும் தடுப்பு குடுக்காங்க. ஒங்களுக்கு அது தேவையில்லன்னு குடுக்கல. இந்த மாத்திரை உள்ள போயி பாதி ஆம்பளை ஹார்மோன் மாதிரி நடிக்கு. மறிக்க ஆள் இல்ல. அணு தூங்கிருது."

பாண்டீஸ்வரி பொட்டலத் தாளைக் கசக்கினாள். "அடப்பாவி. அதுக்குள்ளயும் ஒருத்தன் உக்காந்திருக்கானா."

கூடமே சிரித்தது. தனுஷ்யாவும் சிரித்தாள். சிரித்து முடித்ததும் அழுகை வருகிற மாதிரி இருந்தது, அதை அடக்கிக்கொண்டாள். வேலை கிடந்தது.

ஆதாரம் வேண்டும். யார் எப்போது மாத்திரை போட்டார்கள் என்று யார் எழுதிவைத்திருப்பார்கள்? அதையும் பாண்டீஸ்வரிதான் சொன்னாள்: "காலண்டர்ல இருக்குமே." சமையலறையில் தொங்குகிற மாதக் காலண்டர். பால் வராத நாளுக்கு ஒரு சுழி, சிலிண்டர் மாற்றிய நாளுக்கு ஒரு வட்டம், மற்றதற்கு ஒரு பெருக்கல் குறி. கேட்பவர்களுக்கு ஒன்றும் விளங்காது, போட்டவளுக்கு எல்லாம் விளங்கும். நடுவரின் மூவாயிரம் விவரங்களில் இல்லாத ஒன்று, முப்பத்தொரு அடுப்படிச் சுவரில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

எல்லாருக்கும் செய்தி அனுப்பினாள். வெள்ளிக்கிழமை காலைக்குள் படங்கள் வந்து குவிந்தன. எண்ணெய்க் கறை, மாவுக் கைரேகை, ஓரம் கிழிந்தது, கரப்பான் தின்றது. மாதாமாதம் இருபத்தெட்டு, இருபத்தொன்பது நாளுக்கு ஒரு குறி. பங்குனி, ஆடி என்று திருவிழா வந்தால் மட்டும் குறி எட்டு நாள், பத்து நாள் தள்ளிப் போய் விழுந்திருந்தது. விழுந்த எண்கள் அந்த இடைவெளிக்குள் கச்சிதமாக உட்கார்ந்தன.

முப்பத்தொரு படம் கேட்டதற்கு முப்பத்திரண்டு வந்திருந்தது. பழைய பட்டியலில் இருந்த பெயரை அவள் நீக்க மறந்திருந்தாள். சித்ராதேவி, முப்பத்தாறு வயது, போன தை மாதம் இறந்துவிட்டாள். அவள் கணவர் அனுப்பியிருந்தார். "எதுக்குன்னு தெரியல. கேட்டீங்கன்னு எடுத்து அனுப்புறேன்" என்று ஒரு வரி. கார்த்திகையில் மகள் காதுகுத்து. அந்த மாதம் குறி பன்னிரண்டு நாள் தள்ளிப்போயிருந்தது. அதற்குப் பிறகு எண் ஏறவே இல்லை. தைக்குப் பிறகு பெருக்கல் குறியே இல்லை. பால் வராத நாளுக்குச் சுழி மட்டும் தொடர்ந்தது, வேறு கையெழுத்தில்.

தனுஷ்யா அந்தப் படத்தை மூடவில்லை. திறந்தபடியே எடுத்துக்கொண்டு சுகந்தியிடம் போனாள்.

சுகந்தி எல்லாப் படத்தையும் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். சித்ராதேவியின் காலண்டரில் கொஞ்சம் கூடுதலாக நின்றார்.

"இதை வச்சு குழுத் தலைவர் வில்வநாதன் ஒத்துக்க மாட்டார்," என்றார் கடைசியில். "ஒரே நேரத்துல ரெண்டு விஷயம் நடந்தா ஒன்னு இன்னொன்னுக்குக் காரணம்னு ஆகாதுன்னுவார். சரியாத்தான் சொல்லுவார். மாத்திரையை நிறுத்தி, எண் திரும்ப ஏறணும். இப்ப மாத்திரையில இருக்கிறது யாரு?"

பாண்டீஸ்வரியின் பட்டறை பஜாருக்குப் பின்னால் இருந்தது. பசை வாடை மூக்கில் ஏறியது. வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்து தாள் அடுக்க, பாண்டீஸ்வரி தகரம் அடிக்கிற இயந்திரத்தில் நின்றாள். அடுக்கிய தாளின் தலையில் தகரப் பட்டையை வைத்துக் காலால் மிதித்தால் கடித்துக்கொள்ளும்.

தனுஷ்யா சுற்றி வளைக்கவில்லை. "இன்னைக்கே நிறுத்தணும்க்கா. நிறுத்துனா ஏறும்னு நம்புறேன். ஏறாமலும் போகலாம்."

"நிறுத்துனா ஞாயித்துக்கிழமை வந்துருமே. அப்ப செவ்வாக்கிழமை சட்டி?"

சட்டி எடு, எடுக்காதே என்று சொல்ல தனுஷ்யா யார்?

"இருபத்தோரு நாள் விரதம் இருந்திருக்கேன்," என்றாள் பாண்டீஸ்வரி. "மாமியா பாத்துக்கிட்டிருக்கா. தெருவே பாத்துக்கிட்டிருக்கு. நேந்துகிட்டதச் செய்யாம விட்டா..."

"என்னன்னு நேந்துகிட்டீங்க?"

"அதான் சொன்னேன்ல, இந்தக் கட்டி கர—"

நிறுத்திக்கொண்டாள். பக்கத்து இயந்திரம் மட்டும் டக், டக் என்று கடித்துக்கொண்டிருந்தது. கட்டி கரையச் சட்டி. சட்டிக்காக மாத்திரை. மாத்திரையால் கட்டி.

"ரெண்டு வருஷமா இதத்தான் பண்ணிக்கிட்டிருந்தேனா," என்றாள் மெதுவாக.

இடுப்பிலிருந்த பையை எடுத்தாள். அதில் மீதி மாத்திரைப் பட்டை இருந்தது. அதை இயந்திரத்துக்கு அடியில் வைத்து, தாள் கட்டுக்கு மிதிப்பதுபோலவே ஒரே மிதி மிதித்தாள். வெள்ளைத் தூள் தகரத்தின் மேல் சிதறியது. ஊதிவிட்டு அடுத்த கட்டை எடுத்து வைத்தாள்.

"போ பாப்பா. எனக்கு வேலை கெடக்கு."

வெள்ளி மாலை வில்லை பதின்மூன்று காட்டியது. சனிக்கிழமை பதினைந்து. தனுஷ்யா மணிக்கொரு தடவை கூப்பிட்டுக் கேட்டாள், பாண்டீஸ்வரி ஏழாவது தடவை கைபேசியை அணைத்துவைத்தாள். ஞாயிறு மதியம் அவளே கூப்பிட்டாள்.

"வந்துருச்சு," என்றாள். "இருபத்தாறு."

திங்கள் காலை கூட்டத்துக்குப் போகும்போது எண் முப்பத்தொன்பதில் இருந்தது.

நீள மேசை. குழுவில் ஏழு பேர், ஆறு ஆண்கள், சுகந்தி. எண்களை விளக்குவதற்கு ஓரத்தில் தனுஷ்யா. முதலில் சித்ராதேவியின் காலண்டரைத்தான் திரையில் போட்டாள். பெருக்கல் குறி என்றால் என்னவென்று சொன்னபோது ஒருவர் தண்ணீர் குடித்தார், ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவள் நிறுத்தாமல் சொல்லி முடித்தாள். பாண்டீஸ்வரியின் எண்ணோடு முடித்தாள்.

டாக்டர் வில்வநாதன் கெட்டவர் இல்லை. பொறுமையாகக் கேட்டார். அதனால்தான் அவர் சொன்னது அடியாக விழுந்தது.

"நல்ல உழைப்பும்மா. ஆனா ஒரே ஒரு நோயாளி. அதைவிட முக்கியமா இன்னொன்னு இருக்கு. ஆய்வு தொடங்கும்போது நோயே இல்லாத பன்னிரண்டு பெண்கள்கிட்ட ரத்தம் எடுத்தோம். சாதாரணப் பெண் உடம்புல காவல் அணு எவ்வளவு விழிச்சிருக்கும்னு நடுவருக்குச் சொல்லித்தர. இதோ பாரு." திரை மாறியது. "ஆண்களோட அளவு எழுபது. இவங்க அளவு முப்பது. இவங்களுக்குத் திருவிழாவும் இல்ல, நோயும் இல்ல. அப்பவே மந்தமாத்தான் இருந்திருக்கு. பெண் உடம்போட இயல்பே அதுன்னா நாம என்ன பண்ண முடியும்?"

முப்பது. இயல்பே அது. தனுஷ்யாவின் கண் பழக்கத்தில் திரையின் மூலைக்குப் போனது, எண் சரிபார்க்கிறவள் எப்போதும் முதலில் பார்க்கிற இடத்துக்கு. ரத்தம் எடுத்த தேதி: 2047 பிப்ரவரி 8.

வெள்ளிக்கிழமை. இரவல் பட்டுச்சேலை. குத்துவிளக்கு.

"சார்," என்றாள். "அது திறப்புவிழா அன்னைக்கு எடுத்த ரத்தம். பூஜை முடிஞ்ச கையோட, எல்லாரும் ஒரே இடத்துல இருக்காங்களேன்னு எடுத்தாங்க."

"சரி, அதுக்கென்ன?"

"அதுக்கு ஒரு வாரம் முன்னாடி நிர்வாகத்துல இருந்து சுற்றறிக்கை வந்துச்சு. விளக்கேந்தும் பெண்கள் அன்றைக்குச் சுத்தமாக இருப்பதை உறுதி செய்துகொள்ளவும்னு." ஒருமுறை மூச்சு வாங்கினாள். "அந்தப் பன்னிரண்டுல பதினொன்னாம் நம்பர் நான். நான் மாத்திரை போட்டிருந்தேன்."

ஆறு ஆண்களும் மேசையைப் பார்த்தார்கள். இப்படி ஒரு பேச்சு இந்த அறையில் நடக்கிறதே என்கிற கூச்சம் அவர்கள் கழுத்தில் தெரிந்தது. தனுஷ்யாவுக்குக் கூச்சம் போய்விட்டிருந்தது. கோபம் மட்டும்தான் மிச்சம்.

"நீ ஒருத்தி போட்டிருக்கலாம்," என்று தொடங்கினார் வில்வநாதன்.

"நாலாம் நம்பர் நான்," என்றார் சுகந்தி.

எல்லாத் தலையும் திரும்பியது. சுகந்தி கண்ணாடியை மேசைமேல் வைத்திருந்தார்.

"நானும் போட்டிருந்தேன். ஆய்வகத் தலைவர் வரிசையில நிக்கலன்னா ஏன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுரும் இல்லையா. இன்னொன்னும் சொல்லிடறேன். நோயாளிகள் படிவத்துல மாதவிடாய் பத்தி ஒரு கட்டம் இருந்தது. இந்தப் பக்கத்துப் பொம்பளைங்க கூச்சப்படுவாங்க, வேண்டாம்னு நான்தான் எடுத்தேன். அவங்க ஒன்னும் கூச்சப்படல. பட்டது நான்." எழுந்தார். "அந்தப் பன்னிரண்டு ரத்தமும் உறைபெட்டியில இருக்கு. மாத்திரை இருக்கா இல்லையான்னு அரை மணி நேரத்துல தெரிஞ்சுரும். அதுவரைக்கும் யாரும் கையெழுத்துப் போடாதீங்க."

நாற்பது நிமிஷம் ஆனது. தேநீர் வந்தது, ஆறிப்போனது. சுகந்தி ஒற்றைத் தாளோடு திரும்பிவந்தார்.

"பன்னிரண்டுல பத்துல மாத்திரை இருக்கு."

"மீதி ரெண்டு?" என்றார் வில்வநாதன்.

"ஒருத்திக்கு அது தேவைப்படாத வாரமா இருந்திருக்கும். இன்னொருத்தி கர்ப்பப்பை எடுத்தவங்க. ஆனா அந்த ரெண்டு எண்ணும் உங்க கணக்குலயே கிடையாது. நடுவர் அதை அன்னைக்கே தூக்கிப் போட்டிருச்சு. மத்த பத்தோட ஒத்துப்போகலயாம். 'கருவிப் பிழை'ன்னு குறிச்சு வச்சிருக்கு."

"எவ்வளவு இருந்தது?"

சுகந்தி தாளை தனுஷ்யாவிடம் நீட்டினார். "நீயே படி. எண்ணைச் சரிபார்க்கிறது உன் வேலைதானே."

தனுஷ்யா படித்தாள். "எண்பத்தெட்டு. தொண்ணூத்தொன்னு."

ஆண்களுக்குத் தடுப்பு மாத்திரை கொடுத்து, ஹார்மோனை மறித்து, தாங்கிப் பிடித்து எழுபதில் நிறுத்தியிருந்தார்கள். ஒன்றுமே செய்யாமல் விட்ட பெண்ணின் உடம்பு தொண்ணூறில் நின்றிருக்கிறது. இரண்டு வருஷமாக நடுவர் அதைப் பிழை என்று ஓரத்தில் போட்டுவைத்திருந்தது.

வில்வநாதன் தாளை வாங்கி இரண்டு முறை படித்தார். முகத்தைக் கையால் துடைத்துக்கொண்டார். "இதை ஏன் இத்தனை நாளா எங்ககிட்ட யாரும் சொல்லல?"

"நீங்க கேக்கல சார்," என்றாள் தனுஷ்யா.

கையெழுத்துப் போடப்பட்டது, வேறு தாளில். முப்பத்தொரு பேருக்கும் சிகிச்சை தொடரும். காத்திருப்புப் பட்டியலில் இருந்த நாற்பது பெண்கள் இந்த மாதமே சேர்க்கப்படுவார்கள். நடுவருக்குப் பெண் என்றால் என்னவென்று முதலிலிருந்து சொல்லித்தர வேண்டும், அந்த வேலை தனுஷ்யாவுடையது. வெளியே வந்து சித்ராதேவியின் கணவருக்கு எழுத உட்கார்ந்தாள். எதுக்குன்னு தெரியல என்று கேட்டிருந்தார் அல்லவா. மூன்று முறை எழுதி அழித்துவிட்டு, "உங்க மனைவியோட காலண்டர்தான் மத்தவங்களைக் காப்பாத்துச்சு" என்று அனுப்பினாள். அது அவருக்குப் போதாது என்று அவளுக்குத் தெரியும்.

செவ்வாய்க்கிழமை மதியம் வெயில் தார்ச்சாலையை இளக்கிக்கொண்டிருந்தது. கோயில் தெரு முழுக்க மஞ்சள் சேலை. வேப்பிலை வாசம், சாம்பிராணி, கொட்டு. தனுஷ்யா வேடிக்கை பார்க்கத்தான் வந்தாள். பாண்டீஸ்வரி கூட்டத்தில் எங்காவது ஓரமாக நிற்பாள் என்று தேடினாள்.

ஓரமாக இல்லை. வரிசையில் நின்றாள். மஞ்சள் சேலை, கழுத்தில் மாலை, இரண்டு கையிலும் வேப்பிலை பரப்பி, சட்டியை வாங்கத் தயாராக. பக்கத்தில் நின்ற வயதான பெண் அவள் மாமியாராகத்தான் இருக்க வேண்டும்.

"மாத்திரை போட்டியாடி?" என்று மாமியார் கேட்டது தனுஷ்யாவுக்குக் கேட்டது.

"போடல."

"வந்துருச்சா?"

"ஞாயித்துக்கிழமையே."

மாமியாரின் கை நெஞ்சுக்குப் போனது. முன்னால் நின்ற இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். பின்னாலும் ஒருத்தி. பாண்டீஸ்வரி குரலைத் தாழ்த்தவில்லை, உயர்த்தவுமில்லை.

"கட்டி கரையணும்னு ஆத்தாகிட்ட கேட்டேன். எதால கரையலன்னு காட்டிக்குடுத்துட்டா. இனி நான் குடுக்க வேண்டியதக் குடுக்கணும்ல. அவளும் பொம்பளதான அத்தை, அவளுக்குத் தெரியாததா."

கொட்டுச் சத்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. மாமியார் அவளை மேலும் கீழும் பார்த்தாள். வாய் எதையோ மென்றது. பிறகு குனிந்து, தன் மடியிலிருந்த வேப்பிலையில் ஒரு கொத்தை எடுத்து பாண்டீஸ்வரியின் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள்.

"இவ்வளவு கொஞ்சமா வச்சா சூடு தாங்குமா. கைய நல்லா விரி."

சட்டி வந்தது. நெருப்பு ஒரு முழம் எழுந்து நின்றது. பாண்டீஸ்வரி அதை வாங்கி நிமிர்ந்தபோது சேலைத் தலைப்பு சரிந்து, மேல்கையில் வில்லை தெரிந்தது. அனலில் காற்று நெளிந்ததால் எண் சரியாகப் புலப்படவில்லை. ஐம்பதுக்கு மேல் என்பது மட்டும் உறுதி. தனுஷ்யா எட்டிப் பார்த்துக்கொண்டே நடுத்தெருவுக்கு வந்துவிட்டாள்.

"எண்ண அப்புறம் பாரு பாப்பா," என்றாள் பாண்டீஸ்வரி. "இப்ப வழிய விடு."